சீட் மீல்

எடை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் என் மனைவி செருப்பை மட்டுமல்ல, கம்மலையும் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவாள். வளையல், கைக்கடிகாரம், தலையில் செருகிய கிளிப் என்று ஒவ்வொன்றாக வரும். கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவாள். அன்றைக்கும் அப்படித்தான் ஏறினாள். நர்ஸம்மா எண்ணைச் சொன்னதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். போன முறையைவிட ஏறியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததால் கூடுதலாகக் காட்டுகிறதோ என்று அவள் நர்ஸம்மாவிடம் கேட்டாள். நர்ஸம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான்தான் சும்மா இருக்காமல் சிரித்துத் தொலைத்தேன். எக்ஸ்ரே அறை வாசல் வரும்வரை அவள் கம்மலைக்கூட என்னிடம் திருப்பி வாங்கவில்லை.

சிரிக்கிற நிலைமையும் இல்லைதான். வலது முழங்காலில் தேய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, மூட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்த எடையோடு நான் கத்தியை எடுக்க மாட்டேன் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்து வரும்போது குறைந்திருந்தால் தேதி கொடுப்பார். இல்லையென்றால் வலி மாத்திரையும் கடவுளும்தான். என் மனைவி கல்லூரி விடுதியில் சமையல்காரி. அடுப்பு முன்னால் நிற்கிற வேலை. எங்கள் வீடோ மாடியில். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறிவிடுவாள். இறங்கும்போது திரும்பி நின்று, ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாகக் கால் வைத்து இறங்குவாள். எதிரே யாராவது வந்துவிட்டால், எதையோ மறந்து மேலே போகிறவள்போல நின்றுகொள்வாள். கொஞ்ச நாளாக விடுதி வார்டனும், உங்களுக்குப் பதில் வேறு ஆள் பார்க்கட்டுமா என்று தன்மையாகக் கேட்க ஆரம்பித்திருந்தார். அந்தத் தன்மைதான் அவளை ரொம்பவும் பயமுறுத்தியது.

இத்தனைக்கும் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் இருந்தாள். காலையில் வெறும் காபி, மதியம் ஒரு பிடி, ராத்திரி அதுவும் இல்லை. தட்டுப் போட்டுச் சாப்பிட்டு நான் பார்த்தே வெகுநாள் ஆயிற்று. பட்டினி கிடக்கிறவளுக்கு எப்படி எடை ஏறும்? காற்றைக் குடித்தே ஊதுகிற உடம்பு என்று அவளே சொல்லிக்கொள்வாள். மகள் மட்டும், "அம்மா, ஏதோ கணக்கு உதைக்குது" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாள்.

அவள் எக்ஸ்ரே எடுக்கப் போன நேரத்தில்தான், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தருகிற டயட் மேடம் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயசு. ரயில் பிடிக்கப் போகிறவர்போலப் பேசினார். எண்ணெய் குறையுங்கள், காய்கறி கூட்டுங்கள், பட்டினி போடவே போடாதீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடட்டும். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசியாக ஒன்று சொன்னார்.

"வாரத்துல ஒரு வேளை சீட் மீல் வச்சுக்கங்க சார். அது ரொம்ப முக்கியம். அது இல்லன்னா மனசு வெறுத்துப்போய் எல்லாத்தையும் விட்டுடுவாங்க."

நான் பஸ் கண்டக்டர். "சீட் இருக்கு, உள்ள போங்க" என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்கிறவன். என் காதில் சீட் என்று விழுந்தால் வேறு எந்த அர்த்தம் வரும்? உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு! எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தப் பெண் என் மனைவியை முன்னே பின்னே பார்த்ததில்லை. அவள் நின்றுகொண்டே வாழ்கிறவள் என்று இவருக்கு யார் சொன்னது? படிப்பு என்றால் இதுவல்லவா படிப்பு என்று, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் ஏன் அப்படி என்னை விநோதமாகப் பார்த்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சமையலறை மேசைக்கு ஜன்னலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டேன். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களோடு தினம் சண்டை போடுகிறவன் நான். அன்றைக்கு நானே போட்டேன். அடுப்படியில் நின்றவளைக் கூப்பிட்டு, "சீட் போட்டாச்சு, வந்து உக்காரு" என்றேன். இது என்ன கூத்து என்றாள். மேடம் சொன்ன வைத்தியம் என்று விளக்கினேன். வைத்தியம் என்றதும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்த கையோடு உப்பு எடுக்க எழுந்தாள். நான் மறித்தேன். எழுந்தால் சீட் போய்விடும், அப்புறம் கண்டக்டர் பொறுப்பில்லை என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் சமைத்ததைத்தான் பரிமாறினேன். சோறு கொஞ்சம், அவித்த காய் நிறைய, ஒரு முட்டை. பரிமாறிவிட்டு எதிரே நின்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் மெல்லாமல் வைத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சாப்பிட்டாள். முடித்ததும் எங்கள் இருவரையும் ஏதோ தப்புச் செய்தவள்போலப் பார்த்தாள்.

"வயிறு நிறைஞ்சிடுச்சுங்க. எனக்கு இப்படி நிறைஞ்சே ரொம்ப நாளாச்சு."

அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் கவனித்தேன். மகள் பாதி தின்றுவிட்டு வைத்த ரொட்டி, மேசையைத் துடைக்கும்போது என் மனைவியின் வாய்க்குப் போகப் பார்த்தது. கை பாதி வழியில் நின்றது. அவளே அதைக் கவனித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தபடி, தான் நாள் முழுக்க என்னென்ன தின்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். உப்புப் பார்க்க ஒரு கரண்டி, காரம் பார்க்க ஒரு கரண்டி, வாணலியில் ஒட்டிய வறுவல், பால் பாத்திரத்து ஆடை, மகள் தட்டில் மிச்சம், என் தட்டில் மிச்சம், விடுதியில் பிள்ளைகள் தொடாமல் வைத்துவிட்டுப் போகிற இனிப்பு. வீணாகப் போகக்கூடாதே என்று தின்றதெல்லாம் அவள் உடம்புக்குத்தான் போயிருக்கிறது. நின்றுகொண்டு தின்றதை அவள் சாப்பாடு என்றே சேர்த்ததில்லை. அதனால்தான் எப்போதும் பசி, எப்போதும் பட்டினி, எப்போதும் ஏறுகிற எடை. எங்கள் வீட்டில் ஒரு பருக்கை வீணாகாமல் இத்தனை காலம் குடும்பம் நடந்தது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து ஒரு மூடி போட்ட டப்பாவைக் கழுவி மேசையில் வைத்தேன். இனி மிச்சமெல்லாம் டப்பாவுக்கு, உன் வாய்க்கு இல்லை என்றேன்.

அடுத்த புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, அவள் கதவைத் திறந்துகொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்னங்க, சீட் மீல் ஞாயித்துக்கிழமை மட்டும்தானா? இன்னைக்கும் வச்சுக்கிட்டா தப்பா?"

தப்பென்ன தப்பு. அன்றைக்கும் துண்டு போட்டேன். மறுநாளும் போட்டேன். நான் இல்லாத நாளில் மகள் தன் துப்பட்டாவைப் போட்டாள். விடுதியிலும் அவள் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாளாம். கூட வேலை செய்கிறவர்கள், அக்கா சீட் மீல் சாப்பிடுறாங்க, யாரும் கூப்பிடாதீங்க என்று கேலி செய்தார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. கம்மல் போட்டிருந்த காதுகூடச் சிரித்தது என்று சொல்லலாம்.

மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் செருப்பு, கம்மல், வளையல், கிளிப். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். நர்ஸம்மா எண்ணைச் சொல்லாமல், அவளை இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னார். பிறகு நர்ஸம்மா முதல்முறையாகச் சிரித்தார். டாக்டர் கேட்ட அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது.

டயட் மேடத்துக்கு வாயெல்லாம் பல். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"எல்லாம் உங்க சீட் மீல்தான் மேடம். நீங்க வாரத்துக்கு ஒண்ணுதான் சொன்னீங்க. நாங்க தினமும் வச்சுக்கிட்டோம். ஒரு வேளைகூட விடல."

மேடத்தின் முகம் செத்துவிட்டது. "தினமுமா?" என்று எடைச் சீட்டை எடுத்து மறுபடி பார்த்தார். தினமும் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். சோறு கொஞ்சம், அவித்த காய் நிறைய என்றாள் இவள். அப்புறம் எதைச் சீட் மீல் என்கிறீர்கள் என்றார். நான் எழுந்து, நாற்காலியில் துண்டைப் போட்டு, செய்தே காட்டினேன்; மிச்சமெல்லாம் இப்போது டப்பாவுக்குப் போகிற கதையையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அப்புறம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. அது உட்காருகிற சீட் இல்லையாம், சீட்டிங்காம். வாரத்தில் ஒரு வேளை கட்டுப்பாட்டை ஏமாற்றிவிட்டு ஆசைப்பட்டதைச் சாப்பிடுவதாம். நான் அசடு வழிந்தபடி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. அப்படி ஆசைப்பட்டு ஒரு வேளை சாப்பிட்டால் குறைந்ததெல்லாம் திரும்ப ஏறிவிடாதா என்று கவலையாகக் கேட்டாள்.

"ஏறாதும்மா. தெரிஞ்சு, உக்காந்து, ருசிச்சு ஒரு வேளை சாப்பிடுறதால ஒண்ணும் கெட்டுப்போகாது. மத்த நாள் ஒழுங்கா இருந்தா போதும். தெரியாம உள்ள போறதுதான் உங்களுக்கு ஏத்திவிட்டுச்சு."

"அப்ப ஏன் மேடம் அதுக்கு ஏமாத்துன்னு பேரு வச்சாங்க? இவர் வச்ச பேருதான் நல்லாருக்கு."

எலும்பு டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். காரிடாரில் அவள் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பயமா என்று கேட்டேன். இல்லை, சந்தோஷம் என்றாள். எனக்கும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. மேடத்துக்கு, என் மந்தக் காதுக்கு, முக்கியமாக இவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கு நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. பஸ்ஸில் சில்லறை சரியாகக் கொடுக்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பேக்கரி. மேடம் சொன்ன நிஜச் சீட் மீலையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அழைத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்று, சாக்லேட் கேக் ஒரு துண்டைக் கைகாட்டினாள். மூலையில் இரண்டு பேர் மேசை காலியாக இருந்தது. அவளை உட்கார வைத்துத் தட்டை முன்னால் வைத்தேன். பழக்க தோஷம், நான் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே எதையோ பிடிக்கத் தேடினேன். கம்பி இல்லாததால் கை சும்மா தொங்கியது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நன்..." என்பதற்குள் அவள் கையை நீட்டி என் தோளில் இருந்த துண்டை உருவினாள். எக்கி, எதிர் நாற்காலியில் அதைப் போட்டாள். சுருக்கம் போக ஒருமுறை தடவியும் விட்டாள். பிறகு கேக்கை நடுவில் வெட்டினாள்.

"எத்தன வருஷமா நின்னுக்கிட்டே வர்றீங்க. சீட் போட்டாச்சு, உக்காருங்க."