மாமி ஏன் முறைத்தார்?

சாராள் டீச்சருக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கோவளத்து ஆரம்பப் பள்ளியில் அது எல்லோருக்கும் தெரியும், தலைமையாசிரியர் வாசுதேவனுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

"படப் புத்தகப் பெட்டி குடுத்த டிரஸ்ட்லேர்ந்து நாளைக்கு அருணகிரி சார் வர்றாரும்மா. பெட்டியோட வந்த கையேட்டுல இருக்கற பதிலை உன் ரெண்டாங்கிளாஸ் பசங்களை மனப்பாடம் பண்ணவெச்சிடு. தப்பாச் சொன்னா பெட்டியைத் தூக்கி ஊரப்பாக்கம் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுவாங்க" என்றார் அவர்.

"நான் ஊட்டிவிட்டா அது என் பதில் சார். பசங்க பதில் எங்கே?"

"பெட்டி போனப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

பெட்டி போய்விடுமோ என்று சாராளுக்கும் பயம்தான். பாடப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி விட்ட பிள்ளைகள், அந்தப் பெட்டி வந்த பிறகுதான் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். மழை, சந்தை, பயணம் என்று வாரத்துக்கு ஒரு விஷயம். அதைப் பற்றியே நாலைந்து புத்தகங்கள். எழுத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, முதலில் படத்தைப் பார்க்கச் சொல்வாள். என்ன நடக்குது? எப்படித் தெரியும்? விரல் வெச்சுக் காட்டு! அப்புறம்தான் எழுத்து. இப்படிப் பழகிய பிள்ளை எந்தக் கேள்விக்கும் தடுமாறாது என்று அவளால் அடித்துச் சொல்ல முடியும். அதனால் கையேட்டைத் தொடவே இல்லை.

மறுநாள் வகுப்புக்கு வந்த அருணகிரி, மீசைக்கார மாமா பஸ் ஏறி சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கி வரும் புத்தகத்தை எடுத்து நீட்டினார். சந்தை வாரத்தில் வகுப்பே படம் பார்த்து முடித்த புத்தகம் அது. ஜெபசிங் கடகடவென்று படித்தான். 'மாமா வீட்டுக்கு வந்தார். மாமி முறைத்தார்' என்று முடிந்தது.

"சரி, மாமி ஏன் முறைத்தார்?"

பூசணிக்காய் ரொம்பப் பெரிசு என்பது கையேட்டின் பதில். வாசலில் நின்ற வாசுதேவன் கைகளை அகல விரித்து ஜாடை காட்டிப் பார்த்தார். பாவம், ஒரு பிள்ளையாவது அவர் பக்கம் திரும்பணுமே!

"கொடைய தொலச்சிட்டாரு சார்!" வகுப்பே கத்தியது.

"குடையா? இந்தக் கதையில குடையே கிடையாதே" என்றார் அருணகிரி.

பெட்டி போச்சு என்று வாசுதேவன் தலையில் கை வைத்துக்கொண்டார். சாராள் அசரவில்லை.

"எப்படித் தெரியும்னு கேளுங்க சார்."

அவர் கேட்பதற்குள் ஜமீலா எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "மொத பக்கத்துல பாரு சார், செவுத்து ஆணியில கொடை மாட்டிக்கீது. பஸ் ஏறும்போ கையில கீது. திரும்பி வரும்போ ரெண்டு கையாலயும் காய கட்டிப் புடிச்சினு வராரு, கொடை இல்ல. மாமி காயவா பாக்குது? ஆணியப் பாத்துகினு கீது!"

அருணகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெறும் ஆணி. மாமியின் கண் அதன் மேல்தான். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அப்படியே தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார்.

"கையேடு எழுதினது நான்தாம்மா" என்றார் சாராளிடம். "அப்போ இன்னும் படமே வரைஞ்சிருக்கலை. வெறும் எழுத்தை வெச்சுக் கேள்வி பதில் எழுதிட்டேன். அச்சாகி வந்தப்புறமும் புரட்டிப் பார்க்கலை."

"ஐய, இன்னா சார் நீ!" ஜமீலாவுக்குத் தாங்கவில்லை. "படத்தப் பாக்காமயே கேள்வி கேக்க வந்துட்டியா?"

வாசுதேவன் ஜமீலாவை உட்காரச் சொல்லி அவசரமாகக் கையை ஆட்டினார். அருணகிரியோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பெட்டி எங்கேயும் போகாது டீச்சர், இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

சாராளுக்கு வந்த சந்தோஷத்தில் வாயடைத்துப்போனது. அவளுக்கு வாயடைத்து அந்தப் பள்ளிக்கூடம் அன்றைக்குத்தான் பார்த்தது.

அருணகிரி பெட்டியிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்துப் பிரித்து, முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தார். ஜமீலா சட்டென்று ஒரு தாளை எடுத்து எழுத்தின் மேல் வைத்து மூடினாள்.

"மொதல்ல படம் சார். இன்னா நடக்குது, சொல்லு?"