பக்கத்து அறைக்குப் புரியாத மொழி

அரபி பேசும் மீனவர் ஊரான மஹ்தியாவில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு வாரத்தில் மூன்று மத்தியானம் போய் ரஃபிகாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது நாள் பாடத்திலும் ‘சேஞ்ச்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். எனக்கு எரிச்சல் வந்தது.

“சட்டையை மாத்தினேன், வீடு மாத்தினேன், மனசை மாத்திக்கிட்டேன். எல்லாத்துக்கும் அதே சொல்லுதான். இன்னும் என்னம்மா சந்தேகம்?”

“ஒரு ஆளையே மாத்திட்டா, டீச்சர்? அப்பவும் அதைச் சொல்லலாமா?”

“குணம் மாறினா தாராளமா சொல்லலாம்.”

“நான் குணத்தைக் கேக்கல.”

வாசல் திரைக்கு அந்தப் பக்கம், அடுத்த அறையில், அவள் கணவன் கமைஸ் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். மார்ச் மாதப் புயலில் படகு கவிழ்ந்து, பதினோராம் நாள் தானாக நடந்து வீடு வந்து சேர்ந்தவன். அதற்குப் பிறகு குடி இல்லை, அடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கொடுத்துவைத்தவள் என்று தெருவே ரஃபிகாவைப் பாராட்டியது. நானும்தான் பாராட்டினேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

ரஃபிகா புதினாத் தேநீரை நகர்த்திவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினாள். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தாள்.

என் கணவர் குறட்டை விடுவார். இவர் தூங்குவதே இல்லை. இவரிடம் மூச்சுச் சத்தம் கிடையாது. கடல் ஆளை மாற்றிவிட்டது.

நோட்டைச் சட்டென்று மூடினேன். அரபியில் வாயைத் திறந்தால் அவன் காதில் விழும். அதற்காகத்தான் இவ்வளவு பாடமும் என்று அப்போதுதான் புரிந்தது. எளிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: நாளைக் காலை கார் கொண்டுவருகிறேன், உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம்.

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். “அவருக்கு இது புரியாதுல்ல, டீச்சர்?” என்று அரைகுறை ஆங்கிலத்திலேயே கிசுகிசுத்தாள்.

“மூணாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவருக்கா? கழுதைக்குப் புரிஞ்சாலும் புரியும், உன் வீட்டுக்காரருக்குப் புரியாது.”

வலை தைக்கும் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து கமைஸின் குரல், என்னைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக வந்தது.

“அவள் எங்கேயும் வர மாட்டாள், டீச்சர். நாலாவது வரியைத் திருத்திவிடுங்கள். கடல் ஆளை மாற்றவில்லை. அவள் கணவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.”

அவ்வளவு ஆங்கிலம் ரஃபிகாவுக்கு எட்டவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன சொல்றார், டீச்சர்?”