மூன்று அடுப்புக் கல்

அன்று விடியற்காலை அரிசி ஆலைக் களத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதலாளி ராமசாமி தராசுக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த சின்னப்பையன் அவருக்கு எதிரே, சாக்கு அடுக்கின் விளிம்பில் உட்கார்ந்தும் உட்காராமலும் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் மகள் மகேஸ்வரி தவிட்டு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில், மதிலில் முதுகைச் சாய்த்தபடி ராணியம்மாளும் சாலம்மாளும் அமிர்தமும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பையன் மனைவி வெள்ளச்சி மட்டும் எங்கும் உட்காரவில்லை. அவள் நெல்லுக்குள் நின்றாள்.

தொட்டியிலிருந்து அள்ளிய அவித்த நெல்லைக் கூடையில் சுமந்து வந்து கொட்டுகையில் சுடுதண்ணீர் பிடரி வழியாக முதுகில் ஓடியது. கொட்டியதைப் பலகையால் இழுத்து விரிக்க வேண்டும். பிறகு காலால் கோடு கோடாகக் கிளறிவிட வேண்டும். வெந்து வெந்து தடித்த உள்ளங்கால். நெல்முனை நுழைந்தால் எடுக்க முடியாத அளவுக்குக் குதிகால் வெடிப்பு. வெளியே உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்து செய்த வேலையை ஒரு வாரமாக அவளும் புருஷனும்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் புருஷனும், விடிவதற்குள் வந்துவிட்ட முதலாளியும் இவ்வளவு மெதுவாகப் பேச என்ன இருக்கிறது? வெள்ளச்சி பலகையை அவர்கள் பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள்.

“மரத்த வெட்டிப் போட்டு ரோட்ட மறிச்சவங்களுக்கு என் மில்லுல வேல கெடையாது” என்றார் முதலாளி. “அவங்க சாதிக்கு அவங்க கோட்டா கேட்டாங்க. ஒனக்கு எவன்டா கேட்டான்? நான் கேக்கறேன். முந்தாநாளு சொன்னதுதான், மலையிலேருந்து இருவது பேர எறக்கு. நீதான் மேஸ்திரி. கோடி ரூமு ஒனக்கு. கரண்டு இருக்குது. பொண்ண டவுனு பள்ளிக்கூடத்துல சேத்துவுடு.”

சட்டைப் பையிலிருந்து நீல நிற இன்லண்ட் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார். “ஒன் அண்ணனுக்கு எழுதச் சொல்லு. மத்தியானம் வெள்ளிமல பஸ்ல குடுத்தனுப்பு.”

சின்னப்பையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கோடி அறை ராணியம்மாளுடையது. ரோடு மறியல் தொடங்குவதற்கு முதல் நாள் அவள் மகள் பெற்ற பிள்ளையைப் பார்க்க எலவனாசூர்கோட்டைக்குப் போனாள். பஸ் இல்லை, லாரி இல்லை. வழியெல்லாம் புளியமரம் சாய்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது அறையில் புதுப் பூட்டு, சட்டி பானை மதிலோரம். பக்கத்து ஊரிலிருந்து வரும் சாலம்மாளுக்கும் அமிர்தத்துக்கும் அதே கதை. சாக்குக் கொட்டகையிலேயே படுத்துக் கிடந்த மலைக்காரர்களுக்கு மட்டும்தான் வேலை தப்பியது.

முதலாளி அறைச் சாவியைக் கொடுத்ததும் வெள்ளச்சி போய்ப் பார்த்தாள். குண்டு பல்பைப் போட்டாள், அணைத்தாள், மறுபடியும் போட்டாள். அந்த வெளிச்சத்தில் மகேஸ்வரி புத்தகம் விரிப்பதை நினைத்துப் பார்த்தாள். மலையில் மழை பெய்தால் வாத்தியார் வரமாட்டார். அங்கே மழை பெய்யாத மாதம் குறைவு. ஆனால் அங்கே சாமைக்காடு இருக்கிறது, யாரும் பூட்ட முடியாத வீடு இருக்கிறது. எது கனம்? மூலையில் ராணியம்மாளின் அடுப்புக் கரி சுவரில் ஏறியிருந்தது. சுண்ணாம்பு உரிந்த இடத்தில், அடியில், இன்னொரு பழைய கரி தெரிந்தது. அது யாருடையது?

வெளிக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கேட்டின் சிறு கதவைத் திறந்து வந்ததும் சாலம்மாள் வாயைத் திறந்தாள்.

“வந்துட்டாம்மா ரூமுக்காரி. வழி வுடுங்கடி.”

“ஒதுங்கு, புடவ பட்டுடப் போவுது” என்றாள் அமிர்தம். “ஏன் வெள்ளச்சி, ஒம் புருசனுக்கு இன்னா ஆச்சு? நேத்து மல பஸ்ஸுலேருந்து ஒரு சாக்க எறக்குனான். முக்கினு மொனகினு தூக்கறானே, தேனா கடுக்காயான்னு எட்டிப் பாத்தா, ரெண்டு கருங்கல்லு! கள்ளக்குறிச்சில கல்லுக்குப் பஞ்சமா?”

மூவரும் சிரித்தார்கள். வெள்ளச்சியின் கையிலிருந்த குடம் நழுவிச் சேற்றில் விழுந்தது.

“இன்னாடி ஆச்சு?” ராணியம்மாள் எழுந்துவிட்டாள்.

“அது எங்க அடுப்புக் கல்லுக்கா.” வெள்ளச்சி குடத்தை எடுக்கக் குனியவில்லை. “கூலிக்கு எறங்கனா மூணுல ஒண்ணத்தான் எடுத்தாருவோம். ரெண்டு வூட்டுலயே இருக்கும். வர்ற எடத்துல ரெண்டு செங்கல்லு வெச்சுக்குவோம். மூணும் எறங்கிச்சுன்னா மலையில வூடு இல்லன்னு அர்த்தம். என்ன ஒரு வார்த்த கேக்கல.”

ராணியம்மாள் குடத்தை எடுத்துக் கழுவிக் குழாயடியில் வைத்தாள்.

“அக்கா, அந்தச் செவுத்துல ஒங்க கரிக்கு அடியில இன்னொரு கரி இருக்குதே?”

ராணியம்மாள் குழாயைத் திறந்துவிட்டாள். “எனக்கு முன்னாடி பூங்காவனம்னு ஒருத்தி இருந்தா. கை ஒடஞ்சுது, வெளிய தள்ளுனாரு. மறுநா எனக்குச் சாவி குடுத்தாரு. கரண்டு இருக்குதுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. அவ எங்க போனான்னு நான் கேக்கல.”

உண்மையா, தன்னைக் கலைக்கப் போடும் கதையா? வெள்ளச்சி அவள் முகத்தையே பார்த்தாள். கதை என்றால் தன்னை நல்லவளாக அல்லவா சொல்லியிருப்பாள்?

சாக்குக் கொட்டகையில் தேடியதும் கற்கள் அகப்பட்டன. அவள் மாமியார் காலத்துக் கரி ஏறிய கற்கள்.

“அடுப்பக் கலச்சிட்டியாய்யா?”

சின்னப்பையன் தலை நிமிரவில்லை. “முந்தாநாளே அண்ணனுக்குச் சொல்லியனுப்பிட்டேன். ஒன்னக் கேட்டா நீ எட போட்டுக்கினே இருப்ப. பொண்ணு படிக்க வேணாமா? நம்மள மாதிரி நெல்லுல வேவணுமா?”

“படிக்கட்டும். நாள அந்தாளு இன்னொருத்தனுக்கு சாவி குடுத்தா, எந்த அடுப்புக்குய்யா போவோம்? ரெண்டு கல்லும் இங்க கெடக்குதே!”

அவன் கல்லின் கரியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அவனாகவே இரண்டு கற்களையும் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினான். இங்கே அடுப்பிலிருந்த மூன்றாவது கல்லை வெள்ளச்சி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் களத்தைத் தாண்டி நடந்தார்கள். மகேஸ்வரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

“எங்கடா போற? நெல்லு ஆறுது!” என்றார் முதலாளி.

“சாவி இந்தாங்க மொதலாளி.” வெள்ளச்சி தராசுத் தட்டில் வைத்தாள். “வெளிய தள்ளுன மூணு பேரையும் உள்ள வுடுங்க. வேல பாக்கறோம். ராணியக்கா ரூமு ராணியக்காவுக்கு.”

“அவங்க ஒன் ஆளுங்களா? ரோட்டுல ஒன்னப் பாத்தா தண்ணி குடுப்பாளுங்களா?”

“குடுப்பாங்களோ மாட்டாங்களோ, அது எங்களுக்குள்ள. நீங்க குடுத்த ரூமப் பாத்துட்டேன். செவுத்துல ரெண்டு கரி இருக்குது. மூணாவது கரி என்னுது வேணாம்.”

“மலைக்குப் போயி பட்டினி கெடப்பீங்க!”

“மலைக்கு யாரு போறா?” என்றான் சின்னப்பையன். “கேட்டாண்டதான் குந்தப் போறோம்.”

புங்கமரத்தடியில் ராணியம்மாள் மதிலோரத்திலிருந்து இரண்டு செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவந்தாள். மீதமிருந்த ஒற்றைக் கல்லை வெள்ளச்சி அவற்றோடு சேர்த்து வைத்தாள். கஞ்சி கொதித்தது.

எட்டாவது வரை படித்த அமிர்தம் முதலாளி கொடுத்த இன்லண்ட் கவரைத் தொடைமேல் விரித்தாள். முதலில் நலம், பிறகு விஷயம், கடைசியில் கையெழுத்து என்று முறைப்படிதான் எழுதுவேன் என்றாள். சின்னப்பையன் சொல்லச் சொல்ல எழுதினாள்:

‘அண்ணன் வேடியப்பனுக்கு. நாங்கள் நலம். இருபது பேர் வேண்டும் என்று ஆள் வந்து கேட்டாலும் யாரும் இறங்க வேண்டாம். எங்களோடு வேலை செய்தவர்களை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்துக்கு உங்களைக் கேட்கிறார்கள். இரண்டு கல்லையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருந்த இடத்திலேயே வைக்கவும்.’

“பொண்ணு படிப்பு?” என்று கேட்டாள் அமிர்தம். “எங்க வூட்டுல தங்கிப் படிக்கட்டுமே.”

வெள்ளச்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ரோசன பண்ணிச் சொல்றேன்.”

“பண்ணு, பண்ணு. நாங்க எங்க போவப் போறோம்? கேட்டாண்டதான் இருப்போம்.”

வெள்ளிமலை பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. வெள்ளச்சி கஞ்சியிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக் கவரின் ஓரத்தில் நசுக்கித் தேய்த்தாள். ராணியம்மாள் மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சின்னப்பையன் சாக்கைப் படியில் ஏற்றினான்.

“நேத்து எறக்குன கல்ல இன்னிக்கு ஏத்தறியே, புத்தி கெட்டுப்போச்சா?” என்றார் கண்டக்டர்.

“நேத்துதாங்க கெட்டுப்போச்சு” என்று சொல்லி, சோற்றின் ஈரம் காயாத கடிதத்தை அவர் கையில் கொடுத்தான்.