மருமகளின் முத்திரை

விரலில் மை ஒட்டியது. மருமகள் முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயரும் பொறியாளர் உரிம எண்ணும் பொறித்த ரப்பர் முத்திரை. கல்யாணமாகி வந்த அன்றே, "பத்திரமா இருக்கட்டும்மா" என்று மாமனார் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தது. இன்று அலமாரி திறந்து கிடந்ததால் கண்ணில் பட்டது. இத்தனை மாதமாக அவள் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் மை ஈரமாக இருந்தது.

"என்ன தேடுற?" மாமியார் பின்னால் வந்து நின்றாள்.

"ஊசி தேடறேன் அத்தை."

"ஊசி தேடறவ விரல்ல மை எப்படி வந்துச்சு?"

சந்தேகம் அந்த வீட்டில் பொதுச்சொத்து. தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் மாமியார் வாங்குவாள். வேலைக்காரி கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மருமகள் வெளியே போய் வந்தால் கைப்பையை ஒரு துழாவு துழாவுவாள். மாமனார் வீடு கட்டி விற்கும் காண்ட்ராக்டர். அவரும் பால்காரர் ஊற்றும் பாலை நம்பமாட்டார். அவர் கட்டும் கட்டடத்தை மட்டும் எல்லோரும் பார்க்காமலே நம்ப வேண்டும்.

மதியம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கணவன் ஒரு தாளை வைத்தான். "சும்மா ஒரு கையெழுத்து."

பால்கனித் தளங்களின் கம்பிக்கட்டைக் கான்கிரீட் போடுமுன் நேரில் வந்து சரிபார்த்ததாக அவள் சொல்வதுபோல் எழுதியிருந்தது. கீழே அவள் முத்திரை விழுந்திருந்தது.

"நான் அந்தத் தெருவுக்கே போனதில்லையே."

"போகணும்னு யாரு சொன்னா?" என்றார் மாமனார். "ஆம்பளைங்க கூட்டத்துல நம்ம வீட்டுப் பொண்ணு வெயில்ல நிக்கணுமா? உங்க அப்பாகிட்ட ஒரு பைசா கேட்டோமா? பொண்ணைத்தானே கேட்டோம்."

பெண் பார்க்க வந்த அன்று சமைக்கத் தெரியுமா என்றுகூட அவர் கேட்கவில்லை. லைசென்ஸ் வாங்கியாச்சா என்று மட்டும் கேட்டார். எவ்வளவு பெரிய மனசு என்று அப்பா கண் கலங்கியது நினைவுக்கு வந்தது. இப்போது அந்த நினைவே உறுத்தியது.

"பார்த்துட்டுப் போடறேன் மாமா."

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

அவள் தாளைத் தள்ளி வைத்தாள். மாமியார் குறுக்கிட்டாள்: "தனியா அனுப்ப வேண்டாம். நானும் போறேன்." மருமகள் யாரைப் பார்க்கப் போகிறாளோ என்ற கவலை அவளுக்கு. மாமனாரும் வேறு வழியில்லாமல் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் மாடியில் புதுப் பெயிண்ட் வாடை. பால்கனி தெருவுக்கு மேல் அழகாக நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பெண் அண்ணாந்து, தான் வாங்கப்போகும் வீட்டைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பால்கனியைத் தாங்கும் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது கால்பட்டுக் கீழே அமுங்கிவிட்டால் அந்தத் தளத்துக்குப் பிடிமானமே கிடையாது. கான்கிரீட் ஊற்றுமுன் பார்த்தால்தான் உண்டு. ஊற்றிய பிறகு ஆண்டவன் கண்ணுக்குத்தான் தெரியும். மருமகள் குனிந்து, தளம் சுவரோடு சேரும் இடத்தைத் தடவினாள். நீளமான ஒரு வெடிப்பின்மேல் யாரோ அவசரமாகப் பட்டி பூசியிருந்தார்கள்.

"உள்ள புழுங்குது" என்று மாமியார் காற்று வாங்கப் பால்கனியில் ஒரு காலை வைத்தாள்.

"ஏய், அங்க போகாதே." மாமனார் அறைக்குள் நின்றபடியே கத்தினார்.

"ஏங்க?"

"பெயிண்ட் காயல."

மாமியார் சுவரில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"காஞ்சிருக்கே" என்றாள். "சரி, நீங்க வந்து நில்லுங்க பார்ப்போம்."

அவர் நகரவில்லை. வைத்த காலை மாமியார் மெல்லப் பின்னுக்கு எடுத்தாள். கீழே நின்ற பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உடைச்சுட்டு மறுபடி கட்டுங்க மாமா" என்றாள் மருமகள். "கம்பி கட்டினதும் கூப்பிடுங்க. வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் கீழ நிக்கிறவங்களைக் குடி வரவேண்டாம்னு நானே சொல்லிடறேன்." பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "படி உயரம் அத்தை, மெதுவா இறங்குங்க."

அந்தப் பிடியை வீடு வரும்வரை மாமியார் விடவில்லை. வந்ததும் அலமாரியைத் திறந்து, முத்திரையைத் துணியால் துடைத்து, தான் தினமும் துழாவும் அதே கைப்பைக்குள் வைத்தாள்.

"அவர் அலமாரிச் சாவி கேட்டப்பல்லாம் எதுக்குன்னு கேக்காமக் குடுத்தேன்" என்றாள். "ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பட வேண்டிய இடத்துல படல."

அடுத்த வாரம் கல்யாணத் தரகர் வந்தார். இளைய மகனுக்குப் பெண் தேட வேண்டுமாம். கையெழுத்தில்லாத தாள் இன்னும் மாமனாரின் சட்டைப்பையில் இருந்தது.

"நகை, பணம் எதுவும் வேண்டாம்" என்றார் மாமனார். "பொண்ணு இன்ஜினியரா இருந்தா போதும். லைசென்ஸ் இருக்கணும். ஆனா வெளிய தெருவ போகாத அடக்கமான பொண்ணா பாருங்க."

"உங்களை மாதிரி மனுஷங்க இப்பல்லாம் எங்கய்யா இருக்காங்க" என்று தரகர் உருகினார்.

மாமியார் இருவர் முன்னாலும் தேநீரை வைத்தாள். "பொண்ணு வீட்ல ஒண்ணு சொல்லிடுங்க" என்றாள். "முத்திரையை அவளே கையில வச்சுக்கட்டும். இங்க யார்கிட்டயும் குடுக்க வேண்டாம்."

தரகர் விளங்காமல் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தேநீர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.