பாதியில் நின்ற முள்

எஞ்சின் சூடு என்றாலே செங்கோடனுக்கு ஈரக்குலை நடுங்கும். காட்டெருமை வழிமறித்தபோதுகூட ஜீப்பை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்த மனுஷன்தான். ஆனால் பானெட்டிலிருந்து ஒரு மூச்சு ஆவி வந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுவான்.

காரணம் இல்லாமல் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் தான் டிரைவராக இருந்த காபி எஸ்டேட்டின் பழைய ஜீப்பில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து மலையேறும்போது, தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். எஞ்சின் இறுகிப்போய் பாதி மலையில் நின்றது. முதலாளி காபி காயப்போடும் களத்தில் அத்தனை ஆட்களுக்கும் முன்னால் அவனைக் கிழிகிழி என்று கிழித்தார். ஒரு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவிடாமல், களைக்கொத்தைக் கையில் கொடுத்துக் காபிக் காட்டுக்குள் அனுப்பினார். பொண்டாட்டி மருதாயி வேலை செய்த அதே வரிசையில், அவளுக்குப் பின்னால் குனிந்து களை வெட்டினான். காக்கிச் சட்டை போட்டவனுக்கு அதைவிட வேறென்ன சாவு வேண்டும்!

வேறொரு ஜீப் வந்ததும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஞானசுந்தரம் முதலாளியிடம் பேசி, சாவியைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். அன்று முதல் செங்கோடன் ரோட்டைப் பார்த்ததைவிட எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரைப் பார்த்ததுதான் அதிகம்.

ஏற்காட்டு டிரைவர்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சினுக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. தண்ணீர் போதுமான சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை அடைத்து நிற்கும். சூட்டைக் கட்டிவைக்கிற சனியன் மலையேறுகிற வண்டிக்கு எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். விளைவு, அந்தப் பனியிலும் குளிரிலும் எஞ்சின் சூடு பிடிக்கவே பிடிக்காது. ஹீட் மீட்டரின் முள் குளிர்ந்த பக்கத்தைவிட்டு அதிகம் நகராமல் சோம்பிக் கிடக்கும். அதுதான் நல்ல வண்டிக்கு அடையாளம் என்று எல்லோரும் நம்பினார்கள். செங்கோடனும் கழற்றி எறிந்துவிட்டு, சாமி மேல் சத்தியமாக நம்பினான்.

மேட்டில் லேசாகவாவது ஆடும் அந்த முள், ஒருநாள் அசையவே இல்லை. மேட்டிலும் இல்லை, பள்ளத்திலும் இல்லை. இனி எஞ்சின் கொதித்தாலும் தெரியாதே என்று செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப்பை நேராக ஏற்காடு பஜாருக்கு ஓட்டிப்போய் மெக்கானிக் தேவசிகாமணியின் பட்டறையில் நிறுத்தினான்.

தேவசிகாமணி எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, எஞ்சின் தலையில் திருகியிருந்த, சூட்டை முள்ளுக்குச் சொல்லும் பித்தளை சென்சாரை ஸ்பேனர் போட்டுக் கழற்றினான். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சாமான்.

"செத்துப்போச்சுங்ண்ணா இது. புதுசு போட்டுரலாம்."

மாட்டுவதற்கு முன்னால் செங்கோடனின் கண்ணெதிரிலேயே சோதித்தும் காட்டினான். புது சென்சாருக்கு ஒயர் கொடுத்து, டீக்கடையிலிருந்து வாங்கிவந்த கொதிதண்ணீருக்குள் முக்கினான். முள் விறுவிறுவென்று ஏறிச் சூட்டுப் பக்கத்துக் கடைசியில் முட்டியது. தண்ணீர் ஆற ஆற, அதுவும் மெல்ல இறங்கியது.

"பாத்தீங்களா? கொதிச்சாத்தான் அந்தக் கடைசிக்குப் போவும். ஓடற வண்டியில முள்ளு பாதியில நிக்கோணும். மனுச ஒடம்புக்கு ஒரு சூடு இருக்குதில்லீங்களா, அதாட்ட எஞ்சினுக்கு எம்பது டிகிரி. கழட்டிப் போட்டிருந்தீங்களே, அந்த வால்வையும் மாட்டிட்டேன். சில்லுனே ஓடுனா எஞ்சின் தேஞ்சு போயிருமுங்க."

செங்கோடன் தலையைத் தலையை ஆட்டினான். ஆட்டியது தலைதான், மனசு இல்லை. பாதி தூரம் வந்த முள்ளுக்கு மீதிப் பாதி என்ன பெரிய தூரம் என்றுதான் உள்ளுக்குள் ஓடியது.

திரும்பி வரும்போதே முள் பாதிக்கு வந்து நின்றுகொண்டது. மரத்தடியில் நிறுத்தி பானெட்டைத் தூக்கிவிட்டு நின்றான். மறுநாளும் அப்படித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "ஏன்டா செங்கோடா, ஜீப் ஓட்டறயா, அடைகாக்கறயா?" என்று ஞானசுந்தரம் சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். சிரிக்கிறவனா நாளைக்குக் களைக்கொத்து பிடிக்கப் போகிறான் என்று செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் அம்மணிக்கு அந்தக் கேடு வந்தது.

அம்மணி அவர்களுக்கு ஒரே பிள்ளை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாசம். ஒரு முற்பகலில், உட்கார்ந்த இடத்திலேயே உதிரம் போக ஆரம்பித்தது. சேலை சேலையாக நனைந்தது. நிற்கவில்லை. மருதாயி அலறிக்கொண்டு காபிக் களத்துக்கு ஓடிவந்தாள்.

"எடுத்துட்டுப் போடா, நின்னுட்டு இருக்கறயே!" என்று ஞானசுந்தரமே சாவியைக் கையில் திணித்தார்.

பின்னால் மருதாயியின் மடியில் தலைவைத்து அம்மணி படுத்திருந்தாள். எஸ்டேட் இருந்த வாழவந்திப் பக்கத்திலிருந்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றம்தான். செங்கோடன் விரட்டினான். முதல் மேடு ஏறி முடிப்பதற்குள் முள் பாதிக்கு வந்தது.

பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பார்த்தான். அடுத்த வளைவில் மறுபடி பார்த்தான். மகளோடு நடுக்காட்டில் எஞ்சின் இறுகிவிட்டால்? நினைத்த மாத்திரத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"ஏனுங்க, ஏன் நிறுத்துனீங்க?"

"வண்டி காயுது புள்ள. செத்த ஆறட்டும். இல்லாட்டி ஊடும் போவ முடியாது, ஆஸ்பத்திரியும் போவ முடியாது."

எஞ்சினை அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பிப் பார்த்தான். முள் இறங்கவில்லை. முன்னைவிட மேலே ஏறியிருந்தது.

அட பாவி மனுஷா! ஓடுகிற எஞ்சினில்தானே பம்பு தண்ணீரைச் சுற்றிவிடும், காற்றாடி அதை ஆற்றும். அணைத்துவிட்டால் இரண்டும் நின்றுபோகும். உள்ளே இருக்கிற சூடெல்லாம் தேங்கின தண்ணீரில் ஏற, முள் கொஞ்ச நேரத்துக்கு மேலேதான் போகும். நிறுத்தியதால் ஏறிய முள்ளைப் பார்த்துவிட்டு, நிறுத்தியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான் செங்கோடன். ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து ரேடியேட்டர் மேல் ஊற்றினான்.

அந்த நேரம் பார்த்து ஏற்காடு பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார்.

"என்னுங்க, புள்ளைக்கு முடியலீங்களா? ஏத்தி உடுங்க, நான் கொண்டுபோய்ச் சேர்த்தறேன்."

மருதாயி மகளைத் தூக்கப் பார்த்தாள். அம்மணி வலியில் முனகினாள். "வேண்டாம், அசைக்காதே! இதா ஆறிப்போச்சு, நீங்க போங்க" என்று செங்கோடன் கையை ஆட்டினான். பஸ் போய்விட்டது.

அதற்கப்புறமும் அவன் ஒரு வளைவில் நிறுத்தினான். அம்மணி தண்ணீர் கேட்டாள். பிறகு குளிர்கிறது என்றாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. "சாமி, கண்ணைத் தொற சாமி, இந்தா வந்துட்டோம்" என்று மருதாயி மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் மரியபுஷ்பம் ஓடிவந்து நாடியைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே விடவில்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதாம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மணியும் போய்விட்டாள், வயிற்றிலிருந்ததும் போய்விட்டது. செங்கோடன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

எடுத்து அடக்கம் செய்த மறுநாள் எஸ்டேட் ஆட்களின் லைன் வரிசையில், செங்கோடன் வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மருதாயிதான் பதில் சொன்னாள். "அவரு என்னுங்க பண்ணுவாரு? வண்டி காஞ்சுபோச்சு. ஓடியோடித் தண்ணி மொண்டு ஊத்துனாரு." எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். செங்கோடன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

துக்கம் கேட்கத் தேவசிகாமணி வந்தான். வாசலில் கால் வைத்ததும் அம்மணியின் புருஷன் சித்தன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"நீ போட்ட சாமான்தான்டா எம் பொண்டாட்டியக் கொன்னுது! நல்லா ஓடுன வண்டி!"

இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு அடி விழுந்தது. தேவசிகாமணி திருப்பி அடிக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு செங்கோடனை மட்டும் பார்த்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வண்டி ஓடறப்ப முள்ளு பாதியைத் தாண்டுச்சுங்களா?"

தாண்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே நம்பும். பழி பஜார்ப் பட்டறையோடு போய்விடும். சித்தன் மறுபடி கையை ஓங்கினான். செங்கோடனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"உடு மாப்ள. அவனை உடு" என்று எழுந்தான். "ஓடறப்பத் தாண்டல. நான் நிறுத்துனப்புறந்தான் ஏறுச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயம். நான்தான் எம் புள்ளையக் கொன்னுட்டேன்."

சித்தன் கையை எடுத்தான். தேவசிகாமணி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மருதாயி தன் புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை.

"சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க நீங்க" என்றாள். "வண்டி மேல பழியப் போட்டுட்டு, நானாச்சும் உங்ககூட இருந்திருப்பேன்."

உள்ளே போய் இரண்டு சேலையை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டு, கிளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன் வீட்டுப் பெண்களோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.