மோதலே இல்லாத மாடல்

அலுவலகத்தில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் அழைத்தார்கள். முதலாளியின் மகளைக் கட்டியதைத் தவிர அவன் வேறு எதையும் கட்டியதில்லை. இருந்தும், புதிய மருத்துவமனையின் முப்பரிமாண மாடலை நிர்வகிக்கும் பொறுப்பு அவனிடம் வந்தது. சுவர், பீம், குழாய் எல்லாவற்றையும் கட்டுவதற்கு முன்பே கணினியில் பொருத்திப் பார்த்து, எது எதில் இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. இடிக்கும் இடமெல்லாம் திரையில் சிவப்பாகத் தெரியும்.

"சார், ஆபரேஷன் தியேட்டர்ல ஏசி குழாய் பீமுக்குள்ள போகுது," என்றாள் அவனுக்குக் கீழே வேலை பார்த்த பொறியாளர்.

"எதுக்கும்மா இவ்ளோ சிவப்பு? பாக்கவே நல்லால்ல," என்று சொல்லிவிட்டு, ஏசி குழாய்கள் மொத்தத்தையும் திரையில் தெரியாதபடி மறைத்துவிட்டான். சிவப்பும் போய்விட்டது. மோதலே இல்லாத மாடல் என்று கூட்டத்தில் காட்டிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டடம் எழுந்தது. அறுவை சிகிச்சை அறைக்கு இழுத்துவந்த ஏசி குழாய் பீமில் முட்டிக்கொண்டு நின்றது. முதலாளி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மாடல்ல சரியாத்தான் இருக்கு மாமா. பீமைத்தான் தப்பா கட்டிட்டாங்க," என்றான் மாப்பிள்ளை.

அவள் மடிக்கணினியைத் திறந்து, அவன் மறைத்திருந்த குழாய்களை மறுபடி வரவழைத்தாள். திரை சிவந்தது. முதலாளியின் முகமும் சேர்ந்து சிவந்தது.

"நாளைலேர்ந்து மாடலை இவங்க பாத்துக்கட்டும். நீங்க விளம்பரத்துக்குப் படம் போடுங்க, மாப்பிள்ளை," என்றார்.

அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. மாப்பிள்ளையோ, தனக்குப் பதவி உயர்வு கிடைத்ததாக வீட்டில் போய்ச் சொன்னானாம்.