சோதனைச் சாவடியில் யானைச்சுவடி

1996 ஒக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வண்ணாத்திவில்லிலிருந்து புத்தளம் நோக்கிச் சென்ற பஸ் இராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. இறங்கிய பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் தங்கள் பெயரைச் சொன்னார்கள்.

சொல்லாதவர் ஜபார், புத்தளம் சந்தையில் கருவாடு விற்பவர். அவர் கையில் ஈரத்துணியில் சுற்றிய யானைச்சுவடி இருந்தது. காட்டு மரநிழலில் இலைகளைத் தரையோடு விரித்து, மெல்லிய தண்டில் ஊதாப் பூ வைக்கும் செடி அது. மகள் றிஸ்மியாவுக்கு எட்டு நாளாக நடுக்கக் காய்ச்சல். செடி வேரோடு வேண்டும், இரும்பு படக்கூடாது, பிடுங்கியதிலிருந்து தன் கையில் தரும்வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி மீராசாஹிப் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஐந்து நாளாகச் சொல்லி அலுத்துப்போன மனைவி கமறியா, இவரைக் காட்டுக்குத் தனியே விடப் பயந்து கூடவே வந்திருந்தாள்.

சிப்பாய் மறுபடியும் சிங்களத்தில் பெயர் கேட்டான். ஜபார் அடையாள அட்டையை நீட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியும். நீ வாயால சொல்லு."

ஜபார் செடியைக் காட்டினார். பிறகு தொண்டையைக் காட்டினார்.

"அல்லாஹ்வே, பேரச் சொல்லித் தொலைங்களேன்!" கமறியா தமிழில் சீறினாள். "வேற செடி புடுங்கலாம். வேற புருஷனுக்கு நான் எங்க போற?"

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். சிப்பாய் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினான். கமறியா பதறிப்போய்ச் சிங்களத்துக்கு மாறினாள்.

"மாத்தயா, இவர் ஊமை. பிறவி ஊமை."

மணல்மூட்டைகளுக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இன்னொரு சிப்பாய் எழுந்து வந்தான்.

"ஊமையா? போன கிழமை இந்த முதலாளியிட்டத்தான் கருவாடு வாங்கினன். கால் கிலோவுக்கு அரை மணித்தியாலம் கதைச்சார். எங்கட அம்மாட பேரையும் கேட்டார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதல் சிப்பாய் சிரிக்கவில்லை. பொய் சொன்னவளை விசாரிக்க வேண்டும் என்று கமறியாவைச் சாவடிக்குள் போகச் சொன்னான்.

"என் பெயர் ஜபார்," என்றார் ஜபார் சிங்களத்தில். "அவள விடுங்க. மருந்துக்காகத்தான் பேசாம இருந்தன்."

துணியை அவிழ்த்து, வேரை உதறிப் பார்த்து, இருவரையும் நன்றாக ஏசியபின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். ஜபார் ஏறவில்லை.

"இது இனிப் பலிக்காது. நான் திரும்பிப் போய் வேற ஒண்டு எடுத்துட்டு வாறன்."

"வாயத் திறந்ததும் இதுதானா வருது?"

"ஞாயித்துக்கிழமைதான் புடுங்கணும். இண்டைக்கு விட்டா அடுத்த ஞாயிறு."

"அதுவரைக்கும் புள்ள தாங்குமா? நீங்க காட்டோட இருங்க. நான் போறன்."

அவள் தனியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்து, ஒன்பதரை மணிக்கு மகளை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரத்தம் சோதித்ததில் மலேரியா என்று தெரிந்தது. குளிசை கொடுத்தார்கள். புதன்கிழமை காய்ச்சல் விட்டது.